பாய்ச்சீலைக்குப் பின்னால் கேட்ட முகப்பு

வடகடலின் கரையில், வல்வெட்டித்துறையில், இடது முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிய நிலையில் சாய்மனைக் கதிரையில் வீற்றிருக்கும் முன்னாள் எழுதுவினைஞரும், இந்நாள் இருமல்காரரும், ‘தந்தியில்லா வித்துவான்’ என்று ஊர் கூடிப் பட்டம் சூட்டியவருமான உன் அப்பா, கொழும்பில் இருக்கும் உனக்கு எழுதுவது. ராசா, பட்டங்களைக் கடைசித் தடவையாக வரிசையில் நிறுத்திப் பார்த்தேன். இந்தக் கடிதம் முடியும்போது அவற்றில் ஒன்று கழன்று விழுந்துவிடும். முழங்கால் வீக்கம் மட்டும் கடைசிவரை கூட இருக்கும் போலிருக்கிறது.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான், லீவு கிடைத்துவிட்டது, வேட்டி சால்வை அங்கேயே எடுக்கிறேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். எல்லாம் சந்தோசம். ஆனால் இரண்டாம் பக்கத்தின் அடியில், போகிறபோக்கில் நீ எழுதிய மூன்று வரி என்னை இந்தக் கதிரையோடு சேர்த்து அறைந்துவிட்டது. “கலியாணத்துக்குப் பிறகு மேடை ஏறி வயலின் வாசிக்கிறது வேண்டாம் எண்டு யசோதாவுக்கு எழுதிப்போட்டன் அப்பா. ஒரு வீட்டுக்கு ஒரு வித்துவான் போதும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். அவவும் ஓம் எண்டு ஒரு வரியிலை பதில் போட்டிருக்கிறா.” அந்த வசனம் என்னுடையதுதான், மறுக்கவில்லை. எத்தனை கலியாண வீட்டுப் பந்தியில், எத்தனை பேருக்கு முன்னால், வடையைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்! வசனத்தில் பிழையும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு வித்துவான்தான். ஆனால் அது நான் இல்லை. இதை உனக்கு எழுத மூன்று நாளாகத் தொடங்குகிறேன், கிழிக்கிறேன். இருபத்தைந்து வருடம் தூக்கித் திரிந்த ஒன்றை இறக்கி வைப்பது தூக்குவதைவிடக் களைப்பான வேலை.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். உனக்கும் எனக்கும் இடையில் காணிச்சண்டை வந்ததில்லை, காசுச்சண்டை வந்ததில்லை. வந்த சண்டை எல்லாம் முகப்புச் சண்டை. பாட்டுக்காரன் வாய் திறக்கும் முன் கிற்றார் தனியாக நின்று சொல்லும் அந்தச் சில அடிகளைத்தான் நாங்கள் முகப்பு என்போம். ஊரில் மற்றவர்கள் பாட்டுக்காக றேடியோ கேட்டார்கள். நீயும் நானும் முகப்புக்காகக் கேட்டோம், பாட்டுக்காரன் தொடங்கியதும் தேத்தண்ணீர் குடிக்க எழும்பிப் போனோம். உன்னுடைய முதலிடம் எப்போதும் அந்த எழுபதுகளின் நெடுமுகப்புக்கு. ஒரு கிற்றார் தனியாக மெல்ல ஏறும், இன்னொன்று வந்து சேரும். அடுப்பில் தண்ணீர் கொதித்து, வற்றி, கேத்திலும் உருகி ஓடினாலும் பாட்டுக்காரன் வரமாட்டான். என்னுடைய மூன்றாம் இடம் அந்த அறுபதுகளின் முரட்டு முகப்புக்கு. தகரத்தைத் தார் றோட்டில் இழுத்துக்கொண்டு ஓடுவது போன்ற சத்தம், மூன்றே சுரம். அதை நீ முதன்முதலில் கசெற்றில் சத்தமாகப் போட்ட அன்று அயல்வீட்டு மாடு கட்டையைப் பிடுங்கிக்கொண்டு பருத்தித்துறை வரை ஓடியதும், மூன்று நாள் பால் தராமல் நின்று நாலாம் நாள் நேரே தயிராகத் தந்ததும் உனக்கு நினைவிருக்கும். இரண்டாம் இடம் ஒரு ஜாஸ் முகப்புக்கு. மொத்தம் நாலு அடி. ஈரப் பலகையில் செருப்பில்லாமல் நடக்கிறவன் மாதிரி மூன்று அடியைப் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டு, நாலாவதைத் தூக்கியபடியே நின்றுவிடும், வைக்காது. அந்த வைக்காத அடியை யோசித்து ஒரு வருடம் நான் நித்திரை கொள்ளவில்லை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு வருடம் என்பது பொய். மூன்று இரவு. இனி இப்படி இடைக்கிடை திருத்திக்கொண்டு போவேன், பொறுத்துக்கொள். கூட்டிச் சொல்வதற்கும் மூச்சு வேண்டியிருக்கிறது.

முதலிடம் எது என்று நீ கேட்ட போதெல்லாம் நான் மழுப்பினேன். “அது றெக்கோட்டிலை வரேல்லை, ராசா,” என்பேன். வாசிகசாலை மேடையில் நான் வாசித்த முகப்பைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து நீ கண்ணை அகல விரிப்பாய். அந்த முகப்பைத்தான் சொன்னேன். அதை வாசித்தது உன் அம்மா.

ஐம்பத்தாறில் எங்களுக்குக் கலியாணம் நடந்தபோது என்னிடம் ஒரு கிற்றார் இருந்தது. என் அப்பாவின் பாய்க்கப்பல் கடைசியாக ரங்கூன் போய்த் திரும்பியபோது அரிசி மூட்டைகளுக்கு இடையில் வந்து இறங்கியது. நீ வாசிக்கப் பழகிய அதே கிற்றார்தான். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் பல வருடம் திரிந்தேன். படம் எடுத்தேன், தலைமயிரைச் சுருட்டி விட்டேன், எல்லாம் செய்தேன். அது என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கலியாணமாகி இரண்டு மாதம் ஆகியிருக்கும். கந்தோரிலிருந்து பின்னேர பஸ்ஸில் வந்து இறங்குகிறேன், வீட்டுக்குள்ளிருந்து யாரோ அழுவது போலவும் அழுதுகொண்டே சிரிப்பது போலவும் ஒரு சத்தம். உள்ளே போனால் உன் அம்மா பாயில் சம்மணமிட்டு, கிற்றாரை வீணை மாதிரி மடியில் கிடத்தி, தந்திகளுக்கு அடியில் ஒரு பென்சில் துண்டைச் செருகித் தூக்கிவிட்டு, வெறும் ஓடிக்கொலோன் போத்தலைத் தந்திமேல் வழுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் வீணை பழகியவள். வீட்டில் வீணை இல்லை, இது இருந்தது, எடுத்துக்கொண்டாள். “பிழையோ?” என்று கேட்டாள், போத்தலைச் சேலைத் தலைப்பில் ஒளித்துக்கொண்டு. “இன்னொருக்கா வழுக்கு,” என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. கார் பற்றறியில் ஓடும் றேடியோ, இரண்டு பனைகளுக்கு நடுவே கட்டிய கம்பி, கொழும்பிலிருந்து வாரத்தில் சில பின்னேரம் ஆங்கிலப் பாட்டு. ஆனால் அந்த அறிவிப்பாளர் இருக்கிறாரே, அந்த மனிதர் முகப்பு ஓடும்போதுதான் பேசுவார்! யார் யாருக்காக இந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்று ஊர் ஊராகப் பெயர் வாசித்து, சரியாகப் பாட்டுக்காரன் வாய் திறக்கும்போது தன் வாயை மூடுவார். உன் அம்மா றேடியோவுக்கு முன்னால் சிவப்பு மட்டைக் கொப்பியோடு இருந்து பல்லைக் கடிப்பாள். “இஞ்சருங்கோ, உந்த ஆளுக்கு ஆராவது ஒரு வாய் தேத்தண்ணி குடுக்க மாட்டினமே? குடிக்கிற நேரமாவது வாய் சும்மா இருக்குமல்லோ.” ஒரு கிழமை முகப்பின் வால் மட்டும் கிடைக்கும். அடுத்த கிழமை அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டியிருந்தால் தலை கிடைக்கும். இப்படி ஐந்தாறு கிழமை பொறுக்கிச் சேர்த்தால்தான் ஒரு முகப்பு முழுசாகும். அதை அவள் ச ரி க ம என்று சுரம் போட்டு எழுதினாள். அமெரிக்காவின் றொக் அண்ட் றோல் எல்லாம் எங்கள் வீட்டுக் கொப்பியில் வீணைப் பாடம் மாதிரி அடக்க ஒடுக்கமாக இருந்தது. அலுமாரியில் இருக்கும் அந்தக் கொப்பியை நீ பார்த்திருக்கிறாய், அம்மாவின் பள்ளிக்கூடக் கொப்பி என்று நினைத்திருப்பாய். எத்தனை கிழமை காத்திருந்தாலும் நடுவில் அகப்படாத அடிகளை அவளே இட்டு நிரப்பினாள். பிறகொரு நாள் அதிசயமாக முழு முகப்பும் தடையில்லாமல் கேட்டால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். “அவன் போட்டதும் பரவாயில்லைத்தான்,” என்பாள், அமெரிக்காக்காரனுக்கு மனமிரங்கி.

இனி வருவது என் பங்கு. இந்த வீட்டுக்குள் இப்படி ஒரு செல்வம் இருந்தால் என்னைப் போன்ற ஒருவன் என்ன செய்வான்? ஒரு இசைக்குழு தொடங்கினேன். பெயர் ‘வடகடல் இன்னிசை வேந்தர்கள்’. வேந்தர்கள் மூன்று பேர். மேளத்துக்கு ஒருவன், அக்கோடியனுக்கு ஒருவன், நடுவில் பாட்டும் கிற்றாருமாக நான். தமிழ்ப் பாட்டுகளுக்கு முன்னால் ஆங்கில முகப்பை ஒட்ட வைத்ததுதான் எங்கள் கண்டுபிடிப்பு. வள்ளி திருமணப் பாட்டு என்று நான் அறிவிப்பேன், கிற்றார் அமெரிக்காவில் தொடங்கும், மூன்று அடி கழித்துக் கதிர்காமத்தில் இறங்கும். சனம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. “தம்பி, பாட்டுக் கிடக்கட்டும், முன்னுக்கு வாசிச்சதை இன்னொருக்கா வாசியும்!” என்று கத்துவார்கள். நான் தலையை ஆட்டிப் புன்னகை செய்து, மறுபடி கையை ஓங்குவேன். மேடைக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தது என் அப்பாவின் கப்பலின் பழைய பாய்ச்சீலை. அந்தச் சீலைக்குப் பின்னால் ஒரு மர வாங்கில், மடியில் ரங்கூன் கிற்றாரும் அதன் தந்தியருகே மைக்குமாக உன் அம்மா இருந்தாள். அவள் நிழல் சீலையில் விழக்கூடாது என்று வெயில் பார்த்து நான்தான் மேடையைத் திசை திருப்பிப் போடுவிப்பேன். என் கழுத்தில் தொங்கியது கப்பல் கட்டும் ஓடாவி ஒருவர் வேப்பம் பலகையில் செய்து தந்த கிற்றார். கடலில் விட்டிருந்தால் தானாக நாகபட்டினம் போய்ச் சேர்ந்திருக்கும், அவ்வளவு உறுதி. பார்வைக்கு நல்ல தந்தி ஆறும் பூட்டியிருந்தது. எனக்கு முன்னால் பாட்டுக்கு ஒன்று, கிற்றாருக்கு ஒன்று என்று இரண்டு மைக் நின்றது; கிற்றார் மைக்கின் வயர் மேடைப் பலகைக்குக் கீழே எதிலும் பூட்டாமல் சுருண்டு கிடந்தது. ஒலிபெருக்கிக்காரரையும் மற்ற இரண்டு வேந்தர்களையும் கோயில் கற்பூரத்தில் சத்தியம் வாங்கி வாயடைத்து வைத்திருந்தேன்.

“நானும் முன்னுக்கு வந்து இருக்கட்டே?” என்று உன் அம்மா ஒருமுறை கேட்டாள். ஒரே ஒருமுறைதான். சீலையை மடித்துக்கொண்டிருந்தோம், அந்தத் தலைப்பை அவளும் இந்தத் தலைப்பை நானும் பிடித்திருந்தோம். “ஊர் என்ன சொல்லும்?” என்றேன். “ஓம்,” என்றாள். மடித்து முடித்தோம். ராசா, இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்ல வேண்டிய பெரிய குற்றம் இதுதான். மற்றதெல்லாம் வேடிக்கை. ஊர் என்ன சொல்லும் என்று நான் ஊரில் ஒருவரையும் கேட்கவில்லை. என் அப்பாவைக்கூடக் கேட்கவில்லை. அவர் ரங்கூன் சந்தையில் பெண்கள் கடை வைத்து நடத்துவதைப் பார்த்து வளர்ந்த மனிதர். கேட்டிருந்தால், “இருக்கட்டுமேன், உனக்கென்ன?” என்றிருப்பார். அப்படிச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் நான் கேட்கவில்லை.

பிறகு வாசிகசாலை ஆண்டு விழா வந்தது. பின்னேரம் நாலு மணி. சனம் ஐயாயிரம் பேர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். முந்நூறு பேர் இருப்பார்கள், அதிலும் பாதி ஐஸ்பழத்துக்கு வந்த பிள்ளைகள். அன்றைக்கு ஒரு முருகன் பாட்டுக்கு அவள் தானாக ஒரு முகப்புக் கட்டியிருந்தாள். எந்த றேடியோவிலும் வராதது. அந்த ஜாஸ்காரன் தூக்கிவிட்டு வைக்காமல் போன நாலாவது அடி இருக்கிறதே, அங்கே இது தொடங்கும். அந்த அடியை அவள் வைத்தாள். வைத்து, அதன்மேல் ஏறி நின்று, கடல் தெரியும் உயரத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்து பாட்டை என் கையில் தந்தாள். வீட்டில் அவள் அதை வாசித்த போதெல்லாம் நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை ஓங்கிப் பழகிக்கொண்டிருந்தேன். முதலிடம் இதற்குத்தான் என்று அவளுக்குச் சொல்லவில்லை. “இதுக்கு நான் கையை நல்லா ஓங்கிப் போடவேணும்,” என்றுதான் சொன்னேன்.

ஓங்கித்தான் போட்டேன். முகப்பின் ஏழாவது அடியில், வானத்திலிருந்து பறிப்பது போலக் கையைத் தூக்கி இறக்கிய அந்தக் கணத்தில், என் கிற்றாரின் தந்தி ஒன்று ‘படார்’ என்று அறுந்து சுழன்று வந்து என் காதில் சாட்டையடி போட்டது. நோவில் நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். கிற்றார் கழுத்தில் சும்மா தொங்குகிறது. அறுந்த தந்தி காற்றில் ஆடுகிறது. முகப்பு மட்டும் நிற்கவில்லை. ஒலிபெருக்கி நாலிலும் அது ஏறிக்கொண்டே போகிறது. மேளக்காரன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். மூளையுள்ள எந்த ஊரும் அந்த இடத்தில் எழும்பி வந்து பாய்ச்சீலையைத் தூக்கிப் பார்த்திருக்கும். எங்கள் ஊர் முருகனைப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர், வாழ்நாள் முழுக்கப் பாய்க்கப்பல் ஓட்டிய தண்டயல், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழும்பினார். “எட கோதாரி! தந்தி அறுந்து தொங்குது, பாட்டு நிக்கேல்லை! பெடியன் காத்திலையல்லோ வாசிக்கிறான்!” அவ்வளவுதான். அரோகரா என்று ஒரு சத்தம் எழும்பியது பார், கடல் அரை மைல் பின்வாங்கியது. வாங்கவில்லை. ஆனால் சத்தம் பெரிதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? காதிலிருந்து கையை மெல்ல எடுத்து, கண்ணை மூடி, ஞானி மாதிரி நின்றேன். உன் அம்மா அன்றைக்கு அந்த முகப்பை வழமையைவிட இன்னொரு சுற்றுக் கூட வாசித்தாள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கு மாலை போட்டார்கள், வாசிகசாலைத் தலைவர் அந்த இடத்திலேயே ‘தந்தியில்லா வித்துவான்’ என்று அறிவித்தார்.

கடற்கரை றோட்டால் வீட்டுக்கு நடந்து வந்தோம். நான் மாலையோடு முன்னால். அவள் கிற்றாரைப் பழஞ்சேலையில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால்.

“ஒருத்தரும் பாய்க்குப் பின்னாலை எட்டிப் பாக்கேல்லையே?” என்று கேட்டாள்.

“ஒருத்தரும் பாக்கேல்லை,” என்றேன், வெற்றியோடு. “நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை.”

“ஓம்,” என்றாள்.

வீட்டுக்கு வந்து கிற்றாரை அலுமாரிக்கு மேல் வைத்தாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஒரு மாதம் பார்த்தேன். பிறகு அவளுக்குச் சத்தி எடுக்கத் தொடங்கியது, நீ வரப்போகிறாய் என்று தெரிந்தது, ஓகோ அதுதான் காரணம் என்று நான் ஆறுதலடைந்தேன். ஊருக்கு என்ன சொல்வது? அற்புதம் நடந்த கையால் இனிச் சாதாரணமாக வாசிக்கக்கூடாது என்று கனவில் உத்தரவு வந்ததாகச் சொன்னேன். நம்பினார்கள். நீயும் நம்பினாய். ஓடாவி செய்த கிற்றாரை, அறுந்த தந்தியோடு, முன் அறைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். வந்த விருந்தாளி ஒருவரும் அதைத் தொட்டுக் கும்பிடாமல் தேத்தண்ணீர் குடித்ததில்லை. நீ பன்னிரண்டு வயதில் ரங்கூன் கிற்றாரை இறக்கிப் பழகத் தொடங்கியபோது, நான் கதிரையில் சாய்ந்து, “ம், ம், போகட்டும்,” என்று பாடம் சொன்னேன். நினைத்துப் பார், நீ பிழையாக வாசித்த இடத்திலெல்லாம் அடுப்படியில் ஒரு சட்டி விழும். அகப்பை விழும், மூடி விழும். சரியாக வாசிக்கும்வரை விழும். “அம்மாவுக்குக் கையிலை பிடிப்பில்லை,” என்று நீ சிரிப்பாய். உனக்குக் கிற்றார் படிப்பித்தது அந்தச் சட்டிகள்தான்.

போன செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேசையில் சுளகை வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். யசோதா ஓம் என்று ஒரு வரியில் பதில் போட்ட இடம் வந்ததும் கத்தியை வைத்தாள்.

“அவன் கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளையின்ரை வீட்டிலை அரம் கிரம் ஒண்டும் வையாமல் பாத்துக்கொள்ளச் சொல்லுங்கோ.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அரமோ? என்ன அரம்?”

“தையல் மிசின் லாச்சிக்குள்ளை கிடந்தது. சின்ன அரம். அதாலைதான் அராவினனான்.”

“என்னத்தை அராவினனி?”

“உங்கடை தந்தியை. வாசிகசாலை விழா அண்டைக்கு விடிய. முக்கால்வாசி அராவி விட்டனான். நீங்கள் கையை ஓங்கிப் போடுற இடம் எனக்குத் தெரியுந்தானே.”

“ஏனப்பா?”

“அறுந்தால், ஆராவது பாயைத் தூக்கிப் பாப்பினம் எண்டு நினைச்சன்.” கத்தியை மறுபடி எடுத்தாள். “நானும் நிப்பாட்டாமல் இன்னொரு சுத்து வாசிச்சுப் பாத்தன். சனம் முருகனைக் கண்டுபோட்டுது.”

வெங்காயம் முழுவதும் உரித்து முடித்தாள். நான் முன் அறைக்குப் போய், கதிரையில் ஏறி, முழங்கால் கேட்ட கேள்வியையும் பொருட்படுத்தாமல் அந்தக் கிற்றாரை இறக்கினேன். இத்தனை வருடம் எத்தனை பேருக்கு அதைக் காட்டியிருக்கிறேன், ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அறுந்த தந்தியின் முனையை வெளிச்சத்தில் பிடித்தேன். முக்கால்வாசி மழமழவென்று அராவிய தடம். ஒரு ஓரம் மட்டும் பிய்ந்திருந்தது. என் பட்டம் முழுவதும் அந்த ஓரத்தில்தான் இவ்வளவு காலமும் தொங்கியிருக்கிறது. உன் அம்மா ஒருநாள் என்னிடம் கேட்டாள், நான் ஊரைச் சாட்டினேன். பிறகு ஊரிடம் கேட்டுப் பார்த்தாள், தனக்குத் தெரிந்த வழியில். ஊர் எனக்கு மாலை போட்டது. அதற்குப் பிறகு அவளுக்குக் கேட்பதற்கு ஆள் இல்லை. நீ வயிற்றில் வந்ததால் விடவில்லை, ராசா. அந்தப் பழியை உன்மேல் போட்டு நான் நிம்மதியாக இருந்தேன். அதையும் இந்தக் கடிதத்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஆகையால் உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன், இதைப் புத்திமதி என்று எடுத்தாலும் கெஞ்சல் என்று எடுத்தாலும் சரி. யசோதாவுக்கு இன்னொரு கடிதம் எழுதாதே. கடிதத்துக்கு ஓம் என்று பதில் போடுவது லேசு. லீவை இரண்டு நாள் முன்னுக்கு எடுத்துக்கொண்டு நேரே பண்டத்தரிப்புக்கு, அவள் வீட்டுக்குப் போ. நீ எழுதியது பிழை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். வாசிக்க விடுகிறேன் என்று சொல்லிவிடாதே. விடுவதற்கு நீ பிடித்து வைத்திருந்தால்தானே? வயலினை எடுக்கச் சொல்லிக் கேள், அவள் விரும்பினால் எடுக்கட்டும். எடுத்தால் எதிரே இரு. எங்கள் பழக்கத்தில் முகப்பு முடிந்ததும் தேத்தண்ணீருக்கு எழும்பிவிடாதே, கடைசிவரை இருந்து கேள். அவள் மேடை வேண்டாம் என்று தானாகச் சொன்னால் அது அவள் பாடு. ஆனால் அதை உனக்கு முன்னால் அவள் இரண்டு வசனமாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒற்றை ஓம் வந்தால் நம்பாதே. அந்த ஓம் எனக்கு இரண்டுமுறை கிடைத்தது. இரண்டையும் நான் சம்மதம் என்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

இந்தக் கடிதத்தைப் பார்த்து எழுதிய பிரதி ஒன்றை நாளைக் காலை வாசிகசாலைக்குக் கொண்டுபோய்ப் பேப்பர்களோடு மேசையில் வைக்கப் போகிறேன். பட்டம் தந்தவர்களிடம்தான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிரிப்பார்கள். சந்தியில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது காதைப் பொத்திக் காட்டுவார்கள். அந்தத் தண்டயல் இப்போது இல்லை. இருந்திருந்தால் எனக்கு இந்தத் துணிவு வந்திருக்குமோ தெரியாது, அவர் சாகும்வரை நான் போகும்போது மரியாதைக்குத் துவாயைத் தோளிலிருந்து இறக்கியவர். சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. அதைப் பிடுங்க முழங்கால் விடவில்லை, நீ வந்து பிடுங்கு.

இந்த இடத்தில் முடித்துவிட்டுக் கடிதத்தை உன் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தாள். மாடு தயிர் தந்த இடத்தில் சிரித்தாள், சீலை மடித்த இடத்தில் கொஞ்ச நேரம் தாள் திரும்பவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஒரு பிழை கிடக்கு.”

“என்ன பிழை?”

“தந்தி அறுந்தது ஏழாம் அடியிலை இல்லை. ஒன்பதாம் அடியிலை.”

“ஏழுதான். எனக்கு நல்லா ஞாபகம்.”

“நீங்கள் எங்கை கேட்டனீங்கள்? நீங்கள் சனத்தின்ரை முகத்தையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.”

சொல்லிவிட்டு மேசையில் கிடந்ததையெல்லாம் ஒதுக்கினாள். இடது கையை மேசை விளிம்பில் வைத்தாள். மொளி வீங்கின விரல்கள், ஆனால் வழுக்கிய வழுக்கில் ஒரு தயக்கம் இல்லை. வலது கை வெறும் பலகையை மீட்டியது. வாய்க்குள் சுரத்தை முனகினாள். நான் முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரே இருந்து, விரல் விட்டு எண்ணினேன். அவள் முகம் அந்த முகப்பை வாசிக்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. ஒன்பதுதான், ராசா. மேலே ஏழு என்று எழுதிய இடத்தை நான் வெட்டவில்லை, நீயே திருத்தி வாசி. அவள் ஒன்பதில் நிற்கவில்லை, மேலே போய்க்கொண்டிருந்தாள். அடுப்பில் கேத்தில் கொதித்து மூடி தட்டத் தொடங்கியது. நான் எழும்பவில்லை.

அப்பா